தெப்பமும் சுமையும்
(இல்லறத்தார்க்குரிய தன்ம பாடம்)

நற்காலத்தில் நாம் சேர்த்த பொருள்களும் ஏற்றுக்கொண்ட பொறுப்புகளும் நமக்குத் துணையாகவே தோன்றும். அல்லற்காலம் வந்துற்ற பின்னரே அவற்றுள் எவை நம்மைத் தாங்கின, எவற்றை நாம் தாங்கிக்கொண்டிருந்தோம் என்பது வெளிப்படும். இவ்வுண்மையைக் கோலார் தங்கவயலில் வாழும் நம்மவர்க்கு எவரும் எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை. 1880ஆம் ஆண்டையொட்டித் தொடங்கி ஏறத்தாழ 120 ஆண்டுகள் நடைபெற்ற தங்கச் சுரங்கங்கள் 2001ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் இறுதியோடு மூடப்பட்டன. மாதச் சம்பளம் நின்றது. மாதச் சம்பளத்தை நம்பி ஏற்றுக்கொண்ட சீட்டும், அடகு வட்டியும், மொய்யும், சீர்வரிசையும் நிற்கவில்லை. பின்னர் நம் இளைஞர் பலர் விடியுமுன் மாரிகுப்பத்தில் புகைவண்டி ஏறிப் பெங்களூர் சென்று உழைத்து இரவில் திரும்பும் வாழ்க்கையை மேற்கொண்டனர். 2020ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் கொள்ளை நோயின் காரணமாக அப்புகைவண்டிகளும் நின்றன. ஒரே பாடம் இருமுறை நமக்குக் கற்பிக்கப்பட்டது.

அல்லற்காலத்தில் தேவையற்றவற்றை விட்டுவிட வேண்டும் என்று அனைவரும் கூறுகின்றனர். கூறுவது எளிது. எதனை விடுவது, எதனை விடலாகாது, விடுவதை எம்முறையில் விடுவது என்னும் மூன்று வினாக்களுக்கும் விடை தெரியாதவன், விட வேண்டியதைப் பற்றிக்கொண்டும் பற்ற வேண்டியதை விட்டுவிட்டும் இருமடங்கு துன்புறுகின்றான். ஆகலின் இம்மூன்று வினாக்களையும் பகவன் புத்தரின் போதனைகளைக் கொண்டு ஈண்டு ஆராய்வோம்.

1. தெப்ப உவமை

மச்சிம நிகாயத்தின் 22ஆம் சூத்திரத்தில் புகழ்பெற்ற உவமையொன்று உள்ளது. வழிச்செல்வோன் ஒருவன் பெருவெள்ளம் ஒன்றைக் காண்கின்றான். இக்கரை அச்சமுடையது, அக்கரை அச்சமற்றது. ஓடமும் இல்லை, பாலமும் இல்லை. அவன் புல்லையும் சுள்ளியையும் கிளையையும் இலையையும் திரட்டித் தெப்பம் ஒன்று கட்டி, கையாலும் காலாலும் நீரைத் தள்ளி அக்கரை சேர்கின்றான். சேர்ந்தபின், இத்தெப்பம் எனக்குப் பேருதவி செய்தது என்று எண்ணி அதனைத் தலைமேல் ஏற்றிக்கொண்டு நடப்பானாயின் அவன் செய்வது தகுதியாகுமோ என்று பெருமான் வினவுகின்றார். ஆகாது என்று பிக்குகள் விடையிறுக்கின்றனர். தெப்பத்தைக் கரையில் இட்டோ நீரில் விட்டோ தன் வழியே செல்வதுதான் தக்கது. தன்மமும் அத்தகையதே, கடப்பதற்கு உரியது, பற்றிக்கொண்டிருப்பதற்கு உரியதன்று என்பது சூத்திரத்தின் கருத்து.

இவ்வுவமையை நம்முள் பலர் அரைகுறையாகக் கேட்டு, பௌத்தம் எல்லாவற்றையும் விட்டுவிடச் சொல்லும் சமயம் என்று கொள்கின்றனர். உவமையை மீண்டும் நோக்குக. தெப்பம் விடப்படுவது கரையேறிய பின்னர். வெள்ளத்தின் நடுவே அதனைக் கைவிடச் சொன்னார் எவருமிலர். தன்மத்தைக் குறித்து அருளப்பெற்ற இவ்வுவமையை இல்லற வாழ்வுக்கும் பொருத்திக் காண்போமாயின் நமக்குத் தெளிவு பிறக்கும். இல்லறத்தாராகிய நாம், அதிலும் வருவாய் குன்றியோ நோயுற்றோ தொழில் இழந்தோ தவிக்கும் நாம், இன்னும் நடு ஆற்றில் இருக்கின்றோம். நடு ஆற்றில் தெப்பத்தை விடுவோன் மூழ்குவான். தெப்பத்தின் மேல் மூட்டைகளை அடுக்கி வைத்துக்கொண்டு அவற்றுள் ஒன்றையும் விடமாட்டேன் என்போனும் மூழ்குவான். ஆகவே முதற்கண் அறிய வேண்டுவது யாதெனின், நம் வாழ்வில் தெப்பம் எது, சுமை எது என்பதே. நம்மைக் கரைசேர்ப்பது தெப்பம். நாம் கரைசேர்க்க வேண்டியிருப்பது சுமை.

2. பத்துத் தடைகளும் அவற்றை நீக்கும் நான்கு வழிகளும்

கி.பி. ஐந்தாம் நூற்றாண்டில் இலங்கை அநுராதபுரத்து மகாவிகாரையில் இருந்து விசுத்திமார்க்கம் என்னும் பெருநூலை இயற்றிய ஆசாரியர் புத்தகோசரை நாம் அறிவோம். அவர் நமக்கு அயலாரல்லர். அங்குத்தர நிகாயத்துக்குத் தாம் வரைந்த உரையின் இறுதியில், காஞ்சிபுரத்தில் தங்கியிருந்த காலத்தை அவரே நினைவுகூர்கின்றார். விசுத்திமார்க்கத்தில், தியானம் பயில விரும்பும் பிக்குவுக்குத் தடையாய் நிற்பவை பத்து என்று அவர் வகுத்துரைக்கின்றார். அவற்றைப் பாலி மொழியில் பலிபோதம் என்பர். உறைவிடம், ஆதரிக்கும் குடும்பம், வந்து குவியும் பேறு, மாணவர் கூட்டம், கட்டட வேலை, பயணம், உறவினர், நோய், நூற்பயிற்சி, சித்திகள் என்பனவே அப்பத்துமாகும்.

இப்பட்டியலைப் படிப்போர் வியப்புறுவர். உறைவிடமும் நூற்பயிற்சியும் தீயவையா? மாணவர்க்குக் கற்பித்தல் குற்றமா? ஆசாரியர் அவ்வாறு கூறவில்லை. நல்லனவும் தடையாகலாம் என்பதே அவர் காட்டும் நுட்பம். உறைவிடம் எல்லோர்க்கும் தடையாகாது. அதன் வேலைகளில் ஓயாது உழல்வோர்க்கும், அங்கே சேர்த்து வைத்த பொருளின்மீது மனம் ஒட்டியவர்க்குமே அது தடை என்கின்றார். ஒரே வீடு ஒருவனுக்கு நிழலாகின்றது, மற்றொருவனுக்குச் சுமையாகின்றது. பொருளைப் பார்த்து மட்டும் தீர்ப்புச் சொல்லலாகாது. அப்பொருளுக்கும் நமக்கும் உள்ள தொடர்பையும் பார்த்தல் வேண்டும்.

இதனினும் சிறந்த செய்தி ஒன்றுண்டு. இத்தடைகள் அனைத்தையும் ஒரே வாளால் வெட்டியெறியுமாறு ஆசாரியர் பணிக்கவில்லை. ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு முறை கூறுகின்றார். புகழாலும் காணிக்கையாலும் ஓய்வின்றி அலைக்கழியும் பிக்கு, தன்னை அறியாதார் வாழும் இடத்துக்குத் தனியே சென்றுவிடுதல் வேண்டும். இது விடுத்தல். கட்டட வேலை சிறிதளவே எஞ்சியிருப்பின் அதனை முடித்துவிட்டே அமர்தல் வேண்டும்; செல்ல வேண்டிய பயணம் இருப்பின் சென்றுவந்தே அமர்தல் வேண்டும். இது முடித்தல். வேலை பெரிதும் எஞ்சியிருப்பின், சங்கத்தினிடமோ சங்கத்தின் பொறுப்பாளரிடமோ ஒப்புவித்தல் வேண்டும். மாணவர் கூட்டத்தை வேறோர் ஆசிரியரிடம் சேர்ப்பித்தல் வேண்டும். இது ஒப்படைத்தல். ஆசிரியரோ தாய் தந்தையரோ நோயுற்றிருப்பின், அவர் நலம்பெறும் வரையில் உடனிருந்து பணிவிடை செய்தல் வேண்டும். இது பேணல்.

விடுத்தல், முடித்தல், ஒப்படைத்தல், பேணல் என்னும் இந்நான்கையும் நாம் மனத்திற் கொள்வோமாக. துறவியர்க்கே நான்கு வழிகள் வகுக்கப்பட்டிருக்க, மனைவி மக்களுடன் வாழும் நமக்கு விடுத்தல் என்னும் ஒரு வழி மட்டும் எங்ஙனம் போதும்?

3. பொருள்களை விடும் முறை

முதலில் பொருள்களை எடுத்துக்கொள்வோம். நம் வீடுகளில் ஒன்றின் மேல் ஒன்றாய் ஏறி நிற்கும் பித்தளை அண்டாக்களும் தவலைகளும் குத்துவிளக்குகளும் பெரும்பாலும் கலியாணச் சீராய் வந்தவை. ஆண்டுக்கு ஒருமுறை புளியிட்டுத் துலக்கப்படுவதைத் தவிர அவற்றுக்கு வேறு வேலையில்லை. அவற்றை விற்றால் ஊரார் என்ன சொல்வரோ என்று அஞ்சி, அதே வேளையில் அரிசிக்கும் மருந்துக்கும் வட்டிக்குப் பணம் வாங்குகின்றோம். பரணில் இருக்கும் அண்டாவைக் காப்பதற்காக நாம் கடனாளியாகின்றோம் என்பதை எண்ணிப் பார்ப்பதில்லை.

அடகு நகையைக் குறித்துச் சிறு கணக்கொன்று செய்வோம். நகையை வைத்து 50,000 ரூபாய் பெற்றோம் எனவும், நூற்றுக்கு மாதம் 2 ரூபாய் வட்டி எனவும் கொள்வோம். மாத வட்டி 1,000 ரூபாய். ஓராண்டில் 12,000 ரூபாய். நான்கு ஆண்டு இரண்டு மாதத்தில் வட்டி மட்டும் 50,000 ரூபாய் ஆகின்றது. பெற்ற தொகை முழுதும் வட்டியாய்ச் சென்ற பின்னரும் முதல் அப்படியே நிற்கும். நகையோ கடைக்காரர் பெட்டியில் இருக்கும். நகை நம்முடையது என்று சொல்லிக்கொள்ளும் சொல்லுக்காகவே மாதம் 1,000 ரூபாய் கொடுத்துவந்தோம் என்பது இதன் பொருள். சில திங்களில் மீட்க வழியுண்டாயின் மீட்பதே தக்கது. வழியில்லை என்பது தெளிவாயின், நகையை முறைப்படி விற்று முதலையும் வட்டியையும் தீர்த்து, எஞ்சியதை வீட்டுக்குக் கொணர்தல் வேண்டும். கழுத்து வெறுமையாயிற்று என்று வருந்தற்க. கழுத்தை நெரித்த கயிறு அறுந்தது என்று தேறுக.

கக்கரபத்தம் என்னும் ஊரில் தீகஜாணு என்னும் கோலிய குலத்து இல்லறத்தான், மனைவி மக்களோடும் ஆடை அணிகளோடும் வாழும் எங்களுக்கு இம்மை நலம் தருவது யாது என்று பெருமானை வினவினான். ஊக்கமுள்ள உழைப்பு, ஈட்டியதைக் காத்தல், நல்லோர் நட்பு, வரவறிந்து வாழ்தல் என்னும் நான்கையும் பெருமான் அவனுக்கு உரைத்தார். வரவறிந்து வாழ்தலை விளக்கும்பொழுது துலாக்கோல் பிடிப்பவனை உவமையாக்கினார். கோலைத் தூக்கியவுடன் இவ்வளவு தாழ்ந்தது, இவ்வளவு உயர்ந்தது என்று அவன் அறிவதுபோல இல்லறத்தான் தன் வரவையும் செலவையும் அறிதல் வேண்டும் என்றார். சிறு வருவாயில் பெருவாழ்வு வாழ்வது குற்றம். பெருவருவாய் இருந்தும் பட்டினியாய் வாழ்வதும் குற்றம் என்றார். பொன்னை நிறுத்த ஊரில் பிறந்த நமக்கு இவ்வுவமையின் அருமை நன்கு விளங்கும்.

விடுத்தல் என்பது வீணாக்குதல் அன்று. விநயபிடகத்தில் வரும் செய்தி ஒன்றைக் காண்க. கோசம்பி நகரத்து உதேன மன்னனின் அந்தப்புர மகளிர் ஆனந்த தேரருக்கு 500 ஆடைகளைத் தானமாய் அளித்தனர். இத்தனை ஆடைகளை இவர் என்ன செய்வார், துணிக்கடை வைப்பாரோ என்று மன்னன் ஐயுற்று அவரையே அணுகி வினவினான். ஆடை கிழிந்த பிக்குகளுக்குப் பகிர்ந்தளிப்போம் என்றார் தேரர். பழைய ஆடைகளை என்செய்வீர் என்றான். மேல்விரிப்பாக்குவோம் என்றார். பழைய விரிப்பு மெத்தை உறையாகும். பழைய உறை தரைவிரிப்பாகும். பழைய தரைவிரிப்பு கால்மிதியாகும். பழைய கால்மிதி தூசி தட்டும் துணியாகும். அதுவும் நைந்தபின் துண்டு துண்டாக்கி மண்ணோடு பிசைந்து தரை மெழுகுவோம் என்று வரிசையாய் விடையளித்தார். மனமகிழ்ந்த மன்னன் மேலும் 500 ஆடைகளை ஈந்தான். தமக்கென ஒன்றையும் பற்றாதவரே ஒரு நூலிழையையும் வீணாக்காதவராய் விளங்கினார் என்பது இங்கே கருதத்தக்கது. பற்றின்மையும் சிக்கனமும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள்.

ஆகவே நமக்கு மிகுதியானதைப் பிறர்க்குப் பயன்படும் நிலையிலேயே கொடுத்தல் வேண்டும். பூஞ்சை பிடித்த துணியையும் உடைந்த பாத்திரத்தையும் ஏழைக்குக் கொடுத்துவிட்டுத் தானம் என்று பெயரிடலாகாது. அது நம் குப்பையைப் பிறர் தலையில் ஏற்றுவதாகும்.

மற்றொரு எச்சரிக்கையும் இங்கே வேண்டும். அல்லற்காலத்தில் விலைபோகும் பொருள் எதுவோ அதனையே மனிதர் முதலில் விற்கின்றனர். தையல் இயந்திரம், தச்சனின் உளி, வேலைக்குச் செல்லும் வண்டி ஆகியவை எளிதில் விலைபோகும். இவை சுமையல்ல, தெப்பம். பிள்ளையின் பள்ளிப் புத்தகமும் அத்தகையதே. ஒரு பொருளை விற்குமுன், இது நாளைய உணவை ஈட்டித் தருவதா, நேற்றைய பெருமையைப் பறைசாற்றுவதா என்று வினவுக. பெருமையை விற்று உணவைக் காப்பதே முறை.

4. பொறுப்புகளை விடும் முறை

பொருளை விடுவதினும் பொறுப்பை விடுவது அரிது. அண்டாவுக்கு வாயில்லை, உறவினர்க்கு உண்டு. நம்மை அழுத்தும் பொறுப்புகளுள் பெரும்பாலானவை அன்பினால் பிறந்தவையல்ல, நாணத்தினால் பிறந்தவை. மைத்துனன் மகளின் மஞ்சள் நீராட்டுக்கு அவன் தகுதிக்கேற்ற வரிசை வைக்க வேண்டும்; புதுமனைக்குச் சென்றால் கைவீசிச் செல்லலாகாது; நம் வீட்டு விழாவுக்குப் பந்தல் குறையலாகாது. இவை ஒவ்வொன்றும் ஒரு நாளின் பெருமைக்காகப் பல திங்களின் உழைப்பை முன்னதாகவே விற்றுவிடுகின்றன.

பௌத்தர்களாகிய நமக்கு இங்கே தனிப்பட்ட கடமை உண்டு. பாபாசாகேப் அம்பேத்கர் 1956ஆம் ஆண்டு அக்டோபர் 14ஆம் நாள் நாகபுரியில் தன்மம் தழுவியபொழுது மக்களுக்கு அளித்த 22 உறுதிமொழிகளுள், சிராத்தத்தையும் பிண்டமிடுதலையும் விலக்குவதும் ஒன்றாகும். திரிசரணம் சொல்லிய வாயோடு, ஊரார் ஏசுவரே என்று கடன்வாங்கித் திதி கொடுப்போர் இன்னும் நம்முள் இருக்கின்றனர். கொள்கையை மாற்றிக்கொண்டோம், செலவை மாற்றிக்கொள்ளவில்லை. மறைந்த பெற்றோரை நினைந்து தானம் செய்தல் மக்களின் கடமை எனச் சிகாலோவாத சூத்திரம் கூறுகின்றது. அக்கடமையைப் பசித்தவர் ஒருவர்க்கு ஒருவேளைச் சோறிடுவதால் நிறைவேற்றலாம். பசிப்பிணி தீர்த்தலையே அறமாகக் காட்டிய மணிமேகலையை உடைய மொழியினர்க்கு இதனை மேலும் விளக்க வேண்டுமோ?

செலவைச் சுருக்கினால் அறம் சுருங்கும் என்று அஞ்சுவோர் அனாதபிண்டிகரை நினைவுகூர்க. ஜேதவனத்தைத் தானமளித்த அப்பெருஞ்செல்வர், உம் இல்லத்தில் தானம் நடைபெறுகின்றதா என்று பெருமான் வினவியபொழுது, நடைபெறுகின்றது, ஆயினும் நொய்யரிசிச் சோறும் புளித்த கஞ்சியுமே அளிக்கின்றோம் என்று விடையிறுத்தார். உணவு எளியதாயினும் உயர்ந்ததாயினும், மரியாதையோடும் தன் கையாலும் அளிக்கப்படுகின்றதா என்பதே நோக்கத்தக்கது என்று பெருமான் அருளினார். விழாவை விடலாம், ஈகையை விட வேண்டுவதில்லை.

இனி, முன்னர்க் கண்ட நான்கு வழிகளை நம் பொறுப்புகளில் பொருத்திப் பார்ப்போம்.

மொய்யைக் கொள்வோம். நாம் பெற்ற மொய் நோட்டில் எழுதப்பட்டிருக்கின்றது. அதனைப் பெற்ற அளவிலே திருப்பிச் செய்தல் நேர்மை. கூட்டிச் செய்ய வேண்டும் என்பதும், புதிதாய் ஒரு வரிசை தொடங்க வேண்டும் என்பதும் நேர்மையல்ல, போட்டி. பழையதை முடிக்க, புதியதைத் தொடங்காமல் விடுக.

சீட்டைக் கொள்வோம். எடுத்துவிட்ட சீட்டு கடனுக்கு ஒப்பாகும். அதனை இடையில் நிறுத்துவோன் தன்னை நம்பிய மற்றைய சீட்டாளரை ஏமாற்றுகின்றான். அதனை எப்பாடுபட்டும் முடிக்க. எடுக்காத சீட்டைத் தொடர இயலாவிடின், காலம் தாழ்த்தாமல் நடத்துவோரிடம் உரைத்து வேறொருவர்க்கு மாற்றித் தருக. இது ஒப்படைத்தல்.

சங்கப் பொறுப்பைக் கொள்வோம். நோயும் வறுமையும் சூழ்ந்த நிலையில் செயலாளர் பதவியையோ பொருளாளர் பதவியையோ சுமந்துகொண்டு, வேலையும் செய்யாமல் பிறர்க்கும் வழிவிடாமல் இருப்பது நன்றன்று. ஒருநாள் கூட்டத்துக்கு வராமல் நின்றுவிடுவதும் நன்றன்று. கணக்கை எழுதி முடித்து, நோட்டையும் திறவுகோலையும் அடுத்தவர் கையில் கொடுத்து, தெரியாதவற்றை அவர்க்குக் கற்பித்து விலகுதல் வேண்டும். முடியாத கட்டட வேலையைச் சங்கத்திடம் ஒப்புவிக்குமாறு ஆசாரியர் புத்தகோசர் கூறியது இதற்கே பொருந்தும்.

நட்பின் பேரால் வரும் பொறுப்புகளும் உண்டு. பிறர் கடனுக்குக் கையெழுத்திடுதல் அவற்றுள் தலையாயது. நம் தெப்பமே நீரில் அமிழும் வேளையில் மற்றொருவர் மூட்டைக்குப் பிணை நிற்பது அவரையும் காவாது, நம்மையும் காவாது. இயலாது என்னும் சொல்லை இன்முகத்தோடு சொல்லப் பழகுதல், அல்லற்காலத்தில் கற்கவேண்டிய முதற்கலை.

5. விடலாகாதவை

தேவையற்றதை விடுதல் என்னும் பெயரால் தேவையானதையே கழற்றிவிடும் இழிவும் உலகில் நடைபெறுகின்றது. ஆதலால் விடலாகாதவற்றையும் திட்டமாய் உரைக்க வேண்டியுள்ளது.

முதலாவது, வாங்கிய கடன். மகத நாட்டில் கடன்பட்டவன் ஒருவன் கடன்காரரிடமிருந்து தப்பியோடிப் பிக்குவானான். மக்கள் இதனைக் குறைகூறினர். கடன்பட்டவனுக்குத் துறவு அளிக்கலாகாது என்று பெருமான் விதி வகுத்தார். அனைத்தையும் துறக்கும் சங்கத்தின் வாயிலிலேயே, கடனைத் தீர்த்து வருக என்று எழுதப்பட்டிருக்கின்றது. அங்குத்தர நிகாயத்தில் வேறோரிடத்தில், வறியவன் கடன்படுவதும், கடன் வட்டியாவதும், வட்டி செலுத்தாதவன் நெருக்கப்படுவதும், பின்தொடரப்படுவதும், இறுதியில் கட்டுண்பதும் ஒன்றின்பின் ஒன்றாய் வரும் துன்பங்கள் என்று பெருமான் விவரிக்கின்றார். அவ்வாறே, அனாதபிண்டிகருக்கு உரைத்த இல்லறத்தார் இன்பங்கள் நான்கனுள், பொருளுடைமையும் அதனைத் துய்த்தலும் முதலிரண்டு, கடனின்மை மூன்றாவது, பழியின்மை நான்காவது. முன்னைய மூன்றும் கூடினாலும் பழியின்மையின் பதினாறில் ஒரு பங்குக்கு ஈடாகா என்றும் உரைத்தார். ஆகவே கடனைத் தீர்ப்பதற்காகப் பொருளை விடலாம். பொருளைக் காப்பதற்காகக் கடனை விடலாகாது. உடனே தீர்க்க இயலாவிடின், கடன்கொடுத்தவர் கண்ணில் படாமல் ஒளியற்க. நேரே சென்று, இவ்வளவு இயலும், இந்நாளில் இயலும் என்று உண்மை கூறுக. மறைந்து திரிபவன் கடனோடு பொய்யையும் சுமக்கின்றான்.

இரண்டாவது, பெற்றோரும் பிள்ளைகளும். இராகுலன் துறவு பூண்டபொழுது உள்ளம் வருந்திய சுத்தோதனர் வேண்டிக்கொள்ள, பெற்றோர் இசைவின்றி மகனுக்குத் துறவு அளிக்கலாகாது என்று பெருமான் விதித்தார். முதியோரை ஊருக்கு அனுப்பிவிடுவதும், பெண்பிள்ளையின் படிப்பை முதற்செலவாகக் கருதி நிறுத்துவதும் சுமைநீக்கம் ஆகா. அண்ணனுக்குக் கல்லூரி, தங்கைக்கு அடுப்பு என்று முடிவு செய்யும் வீட்டில் அண்டா இன்னும் பரணில் இருக்குமாயின், அவ்வீட்டார் தெப்பத்தை உடைத்துச் சுமையைக் காக்கின்றனர்.

மூன்றாவது, பஞ்சசீலம். வறுமையில் பொய்யும் களவும் எளிதாய்த் தோன்றும். துயரில் மது துணையாய்த் தோன்றும். குடும்பத்தின் பொருள் வடிந்துபோகும் மடைகளுள் குடியும் சூதும் தீயோர் கூட்டுறவும் அடங்கும் என்று தீகஜாணுவுக்குப் பெருமான் உரைத்தார். அல்லற்காலத்தில் முதன்முதல் விட வேண்டிய செலவு இதுவே. பிற அனைத்தையும் விட்டு இதனை மட்டும் விடாதவன் ஓட்டைத் தெப்பத்தில் இருக்கின்றான்.

6. பொன்னை விட்டவர், பெற்றோரை விடாதவர்

இப்பாடத்தின் கருத்தனைத்தும் ஒருங்கே விளங்கும் வாழ்க்கை ஒன்று மச்சிம நிகாயத்தின் 81ஆம் சூத்திரத்தில் உள்ளது. கௌதம புத்தருக்கு முன்னிருந்த காசிய புத்தரின் காலத்தில், வேபலிங்கம் என்னும் ஊரில் கடீகாரர் என்னும் குயவர் வாழ்ந்தார். அவர் தாய் தந்தையர் இருவரும் கண்ணிழந்த முதியோர். தன்மத்தை இவ்வளவு உணர்ந்த நீர் ஏன் துறவு பூணவில்லை என்று நண்பர் வினவ, கண்ணிழந்த என் பெற்றோரை நான் பேணுவதை நீர் அறியீரோ என்றார். அவர் பொன்னையும் வெள்ளியையும் விட்டவர். நிலத்தைத் தாமே தோண்டி உயிர்களை வதைக்க விரும்பாது, ஆற்றங்கரையில் சரிந்து வீழ்ந்த மண்ணையும் எலி பறித்த மண்ணையும் எடுத்துவந்து கலம் வனைந்தார். வேண்டுவோர் அரிசியையோ பயற்றையோ வைத்துவிட்டு விரும்பிய கலத்தை எடுத்துச் செல்க என்று விட்டுவிடுவார். அவ்வருவாயால் பெற்றோரைக் காத்தார். காசி மன்னன் கிகி 500 வண்டி நெல்லரிசி அனுப்பியபொழுது, மன்னர்க்குப் பணிகள் பல, இஃது அவர்க்கே இருக்கட்டும் என்று நன்றி கூறித் திருப்பியனுப்பினார்.

காசிய புத்தரின் குடில் மழையில் ஒழுகியபொழுது, பிக்குகள் வந்து இவர் பட்டறையின் கூரைப் புல்லை எடுத்துச் சென்றனர். வெளியே சென்றிருந்த கடீகாரர் திரும்பி வந்து கேட்டறிந்து, என்னிடத்தில் பெருமானுக்கு இத்துணை நம்பிக்கையோ என்று பலநாள் மகிழ்ந்திருந்தார்.

பொன்னை விட்டார், பரிசை விட்டார், கூரையையும் விட்டார். பெற்றோரை விடவில்லை, தொழிலை விடவில்லை, சீலத்தை விடவில்லை. எதனை விடலாம், எதனை விடலாகாது என்பதற்கு இதனினும் சிறந்த உரை வேண்டுமோ? பூமியின் ஆழத்திலிருந்து பொன்னை எடுத்து உலகுக்குத் தந்த மக்கள் நாம். அப்பொன்னில் நம் வீட்டில் தங்கியது சிறிதே. மண்ணைப் பிசைந்து வாழ்ந்த அக்குயவரின் செல்வமோ எவர்க்கும் எட்டக்கூடியது.

7. பயிற்சி

பாடத்தைப் படித்துவிட்டு இதழை மடித்து வைப்பதால் பயனில்லை. வரும் பௌர்ணமி உபோசத நாளில், வீட்டார் அனைவரும் ஒருங்கே அமர்ந்து பின்வருமாறு செய்வோமாக. பெரியவர் மட்டும் முடிவு செய்து மற்றவர்க்கு அறிவித்தல் கூடாது. அடுப்படியை அறிந்தவர் மனைவியே; பள்ளியை அறிந்தவர் பிள்ளைகளே.

முதலாவதாக, ஒரு தாளை நான்கு பத்தியாய்க் கோடிட்டு, விடுத்தல், முடித்தல், ஒப்படைத்தல், பேணல் என்று தலைப்பிடுக.

இரண்டாவதாக, ஓராண்டாய்ப் பயன்படாத பொருள்களையும், மாதந்தோறும் பணமோ காலமோ கேட்கும் பொறுப்புகளையும் ஒன்றுவிடாமல் சொல்லி, உரிய பத்தியில் எழுதுக. எப்பத்தியிலும் அடங்காதது எனத் தோன்றுவதை மும்முறை ஆராய்க.

மூன்றாவதாக, கடன்கள் அனைத்தையும், தொகையும் வட்டியும் கொடுத்தவர் பெயருமாக, பேணல் என்னும் பத்திக்குக் கீழே எழுதுக. மனைவி அறியாத கடனும் கணவன் அறியாத கடனும் அன்றோடு ஒழிக.

நான்காவதாக, ஒரு திங்களுக்கு ஒரு பொருளும் ஒரு பொறுப்பும் மட்டும் விடுக. வெறியோடு அனைத்தையும் ஒருநாளில் வீசியெறிவோர் மறுதிங்கள் அவற்றையே கடன்வாங்கி வாங்குவர்.

ஐந்தாவதாக, விட்டதனால் மிஞ்சிய பணத்தில் சிறு பகுதியையேனும் தனியே வைக்க. ஈட்டியதை நான்காய் வகுத்து ஒரு பங்கைத் துய்த்து, இரு பங்கைத் தொழிலில் இட்டு, நான்காவதை ஆபத்துக்கென வைக்குமாறு சிகாலனுக்குப் பெருமான் உரைத்தார். நான்கில் ஒன்று நமக்கு இன்று இயலாதாயினும், நாற்பதில் ஒன்றேனும் இயலும்.

சிந்தனைக்குரிய வினாக்கள்

1. தெப்பம் எப்பொழுது விடப்படும்? சுமை எப்பொழுது விடப்படும்?

2. நல்ல பொருளும் நல்ல செயலும் தடையாவது எவ்வாறு?

3. கடன்பட்டவனுக்குத் துறவு மறுக்கப்பட்டதன் காரணம் யாது?

4. நம் பொறுப்புகளுள் அன்பினால் பிறந்தவை எவை, நாணத்தினால் பிறந்தவை எவை?

வெள்ளம் வடியும் என்று காத்திருப்போர் பலர். அது வடியும் நாளை நாம் அறியோம். இன்று நம் கையில் இருப்பது தெப்பத்தின் பாரத்தைக் குறைப்பதும், அதன் கட்டுகளை இறுக்குவதும், கையாலும் காலாலும் நீரைத் தள்ளுவதுமே. இம்மூன்றையும் செய்வோர் கரைசேர்வர்.

அனைத்துயிர்களும் அச்சம் நீங்கி இன்புற்று வாழ்க.